ப்ரோக்ராமுக்குள் ஒரு படம்

ஜெசிந்தா உயிரைக் கொடுத்து எழுதிய ப்ரோக்ராமில் அவள் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தைச் செருகியவன் வரதன். அவளை வேலையைவிட்டுத் துரத்தியவனும் அவன்தான். அந்த ஏக்கத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அமீர்பேட் ஆபீஸில் ஒரு மத்தியானம், அந்த ப்ரோக்ராமைச் சாதாரண ஃபோல்டரைப் போலத் திறந்து, உள்ளே பொதிந்திருந்த படங்களைப் பார்த்தான். அவன் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவன் கம்ப்யூட்டரில் இருந்த அசல் படத்தில் மாலை இல்லை. அந்த அசல் படத்தையே வைத்து ப்ரோக்ராமை மறுபடி உருவாக்கித் திறந்தான். இப்போது மாலைக்குக் கீழே விளக்கும் எரிந்தது.

குகட்பள்ளி வீட்டிலிருந்து மனைவி ஃபோன் செய்தாள்.

“ஏங்க, உங்க படத்தைப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டு ஒரு பொண்ணு கொண்டுவந்திருக்கு. உங்க ஆபீஸாம், பேரு ஜெசிந்தாவாம். பூமாலை சாயங்காலம் வந்துடுமாம். எந்தச் சுவத்துல மாட்டட்டும்?”