இடது கையில் ஒரு கட்டு

மருமகளின் இடது கையில் இருந்த கட்டு, முழுக்கைச் சட்டைக்குள்ளும் புடைத்துத் தெரிந்தது.

"என்னம்மா அது?" என்றார் மாமியார்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன் அத்தை."

பொய் சொல்லிப் பழக்கமில்லை, முகம் சிவந்துவிட்டது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாமனாரோடு சேர்ந்து, "பேரன் எப்போ?" என்று கேட்பவரிடம் உண்மையை எப்படிச் சொல்வது? படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை கர்ப்பமாகாமல் இருக்க, தோலுக்கடியில் மருந்துக் குச்சி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். தெரிந்தால் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

"கதவு, கையோட உள்பக்கமா வந்து இடிச்சுது?"

"ஆ... ஆமா அத்தை."

"சரி. கட்டை நாளைக்கு வரைக்கும் பிரிக்காதே. தண்ணி படக் கூடாது. ஒரு வாரம் கன்னிப்போயிருக்கும், பயந்துடாதே."

நர்ஸ் சொன்ன அதே வார்த்தைகள்! மருமகள் திருதிருவென்று விழித்தாள்.

"உங்களுக்கு எப்படி அத்தை...?"

மாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் சட்டைக் கையை மேலே ஏற்றினார். உள்பக்கம் ஒரு சின்னத் தழும்பு.

"உனக்கு ஒரே குச்சி. எங்க காலத்துல ஆறு! உன் மாமனார் இன்னும், 'கடவுள் நமக்கு ஒண்ணோட நிறுத்திட்டார்'னுதான் சொல்லிட்டிருக்கார்."