நீல டேப்பின் பிடி

ஒரு நீல எலாஸ்டிக் டேப்புக்குத் தன்னைப் பற்றி ரொம்ப உயர்வான எண்ணம். கூடைப்பந்து வீராங்கனை ரெஜினாவுக்கு இரண்டு மாதம் முன்பு கணுக்கால் பிசகியிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், கோச் அவள் எதிரே உட்கார்ந்து, அவசர அவசரமாக டேப்பை இழுத்து ஒட்டிவிட்டார்.

“பயப்படாதே, நான் பிடிச்சுக்கறேன்,” என்றது டேப். எதற்குப் பயப்பட வேண்டும் என்று கணுக்காலுக்குப் புரியவில்லை.

ஆட்டம் முழுக்க டேப்பின் வாய் ஓயவில்லை. ரெஜினா திரும்பினால் அது தன்னால், ஓடினால் அதுவும் தன்னால் என்று பீற்றிக்கொண்டது. கீழே இருந்த பழைய ஷூவுக்குக் காது புளித்துப்போனது. கடைசி நொடியில் அவள் எம்பிப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, இடது காலை ஊன்றி இறங்கினாள். கால் கொஞ்சமும் ஆடவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது.

“எப்படித் தாங்கினேன் பார்த்தீங்களாண்ணே?” என்றது டேப்.

“தம்பி, எதிரே உட்கார்ந்து ஒட்டினதுல கோச்சுக்கு இடது வலது மாறிப்போச்சு,” என்றது ஷூ. “பிசகினது இடது கால். நீ இருக்கறது வலது கால்ல. இடது கால் ஆறு வாரமா தினம் காலையில ஒத்தையா நின்னு பழகியிருக்கு. அதான் தாங்குச்சு.”

 டேப் தொண்டையைச் செருமிக்கொண்டது.

“பாருங்கண்ணே, இங்க இருந்துகிட்டே அந்தக் காலையும் பிடிச்சிருக்கேன்.”