கழிவு ஒயில் பூசிய முகம்

பெற்றோரே, உரும்பிராய்ச் சந்திக்கு வந்து இந்த அநியாயத்தைப் பாருங்கள்! புலமைப்பரிசில் பரீட்சையில் முதலிடம் பெற்ற பத்து வயது லக்சனை வாழ்த்தித் தொங்கவிட்ட பதாகையில், அவன் முகத்தின்மேல் யாரோ வாகன எஞ்சினின் கழிவு ஒயில் பூசியிருக்கிறார்கள்.

இரண்டாமிடம் வந்த செந்தூரனின் தகப்பன் சீவரத்தினத்துக்கு மகன்மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டில் எல்லோரும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில், பள்ளிக்கூடத்தில் தன்னை முந்தியவனைப் பல்லாண்டு கழித்துக் கொல்பவனும் முதலில் எதிராளியின் படத்தைத்தான் அழித்தான். அவர் பூவரசந் தடியோடு மகனைப் பிடித்தார்.

“ரீவியைப் பார்த்துத்தானேடா பூசினனீ? நாளைக்குக் கத்தி எடுப்பியோ?”

“நான் இல்லையப்பா! லக்சன் என்ரை கூட்டாளி.”

“ரெண்டு புள்ளியாலை முந்தினவன் கூட்டாளியோ? நடடா, அவன்ரை காலிலை விழு!”

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மீனாம்பிகை ஓடிவந்து கணவனின் தடியைப் பிடித்தாள்.

“பிள்ளையை விடுங்கோப்பா. பூசினது நான். லக்சன்ரை தாய் சுவர்ணாவும் நானும் ஒரே வகுப்பு. பதினொரு வருசமும் வகுப்பிலை உவள்தான் முதலாம் பிள்ளை. இப்ப உவளின்ரை மகனுமோ?”

சீவரத்தினத்தின் கை தானாகத் தாழ்ந்தது. செந்தூரன் தாயை விட்டு விலகி நின்றான்.

பெற்றோரே, உங்கள் சந்தியிலும் இத்தகைய பதாகைகள் தொங்குகின்றன. இன்றே போய் அவிழ்த்துவிடுங்கள். உங்கள் பிள்ளையின் படம் இருப்பதை முதலில் அவிழ்த்தெறியுங்கள்!