கண்ணாடிக்குத் தனி இன்சூரன்ஸ்

"வாடகை எவ்வளவுன்னு மட்டும் சொல்லு. மேல எதையாவது என் தலையில கட்டப் பார்க்காதே."

வாடகைக் கார் ஆபீஸ் கவுன்ட்டரில் பையை வைக்கும் முன்பே சண்டையைத் தொடங்கிவிட்டார் பழைய இரும்பு வியாபாரி.

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பொண்ணு இன்னும் வாயே திறக்கலை" என்றாள் மனைவி.

"திறந்தா மூட மாட்டாங்க. வெளியூர்க்காரன்னு தெரிஞ்சா போதும், மொட்டை அடிச்சுத்தான் அனுப்புவாங்க."

பையில் இருந்தது மகள் தையல் கடை போடுவதற்கான முன்பணம். அதில் கை வைக்காமல் அவளிடம் கொண்டு சேர்ப்பது என்று ரயில் ஏறும்போதே தீர்மானித்திருந்தார்.

பேரம் பேசி வாடகையில் கொஞ்சம் குறைத்தார். பெட்ரோலில் கொஞ்சம் குறைத்தார். கவுன்ட்டர் பெண் சளைக்காமல் டைப் செய்துகொண்டே கேட்டாள்.

"எந்தப் பக்கம் போறீங்க சார்?"

"மலைக்கு மேல, கல்குவாரி ஊருக்கு. மகளைக் கட்டிக்கொடுத்தது அங்கதான்."

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"சாதாரண இன்சூரன்ஸ் வாடகையிலேயே சேர்ந்திருக்கு சார். அதுல கண்ணாடியும் டயரும் வராது. அதுக்குத் தனியா ஒண்ணு எடுக்கணும். அது உங்களுக்கு வேண்டாம். லைசென்ஸ் குடுங்க."

லைசென்ஸை நீட்டிய கை பாதியில் நின்றது.

"இரு இரு. கண்ணாடி உடைஞ்சா யார் குடுக்கிறது?"

"நீங்கதான். அதை எதுக்கு சார் இப்பப் பேசிக்கிட்டு?"

வியாபாரி மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்தியா? விக்க உட்கார்ந்திருக்கிறவ வேண்டாங்கிறா."

"செலவு வைக்கக் கூடாதுன்னு நினைக்குது, பாவம்."

"பாவமா? தோள்ல சாக்கைப் போட்டுத் தெருத்தெருவா அலைஞ்சவன் நான். எந்த வீட்ல மூலையில துணி போட்டு மூடி வெச்சிருக்காங்களோ அங்கதான்டி பித்தளை இருக்கும்." கவுன்ட்டர் பெண்ணிடம் திரும்பினார். "உடைஞ்சு வந்தா மொத்தமாக் கறந்துடலாம்னு கணக்குப் போடுறியா? எழுது அந்த இன்சூரன்ஸை."

"சொன்னாக் கேளுங்க சார். வீண் செலவுன்னு பின்னாடி என்னைத் திட்டுவீங்க."

"இப்பவே திட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்? எழுது."

தொகையைச் சொன்னாள்.

"பாதி போட்டுக்கோ."

"கட்டுப்படியாகாது சார்."

"அப்ப உங்க மேனேஜரைக் கூப்பிடு."

"அவர் ஒரு பைசா குறைக்க மாட்டார் சார். விடுங்க, இன்சூரன்ஸ் இல்லாமலே போயிட்டு வாங்க."

"என்னை விரட்டுறதுலயே இரு. வாங்காம இந்த இடத்தை விட்டு நகர்றதா இல்லை."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கவுன்ட்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி சார். பாதிக்கே போடுறேன். வெளியில சொல்லிடாதீங்க."

சாவியை வாங்கும்போது வியாபாரிக்கு முகமெல்லாம் பல்.

"வேண்டாம்னு சொன்னதைச் சண்டை போட்டு வாங்கின ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

"ஏமாறாம ஊர் போய்ச் சேரணும்ல? ஏறு வண்டியில."

கார் கேட்டைத் தாண்டியது. வண்டி கழுவும் பெரியவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கவுன்ட்டருக்கு வந்தார்.

"ஏம்மா, குறைச்சுக் குடுத்தா அது உன் கமிஷன்லதானே கழியும்? அந்த ஆளு போட்ட சத்தத்துக்குப் பயந்துட்டியா?"

"பயமெல்லாம் இல்லைண்ணே. போன வாரம் அதே ஊருக்கு ஒரு குடும்பம் போச்சு. குவாரி லாரியிலேர்ந்து கல்லு தெறிக்கும், கண்டிப்பா எடுத்துக்கோங்கன்னு கெஞ்சினேன். கமிஷனுக்கு நடிக்கிறேன்னு சிரிச்சுட்டுப் போனாங்க. உடைஞ்ச கண்ணாடியோட திரும்பி வந்து, அந்தம்மா இங்கேயே நின்னு வளையலைக் கழட்டினாங்க."

அடுத்து நின்றவரைக் கையசைத்துக் கூப்பிட்டபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுலேர்ந்து, மலைக்குப் போறவங்க யார் வந்தாலும் வேண்டாம்னுதான்ணே சொல்றேன். ஒருத்தர்கூட வாங்காமப் போறதில்லை."