ஜலதோஷம்

பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் அன்று மத்தியானம் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரக் கட்டிலில் முள்ளிப்பட்டு நெசவாளி சிங்கராயர். சுவரோரக் கட்டிலில் போளூர் சுப்பராயலு. அவர் கால்மாட்டில், தரையில், மனைவி காத்தாயி. கரும்பலகைக்குக் கீழே வாத்தியார் நாற்காலியில், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக் கட்டிய ஆண் நர்ஸ்.

ஆரணியில் அந்த வருஷம் நடந்த கண் முகாம் அது. கட்டிலில் கிடந்த இருவருக்கும் புரை எடுத்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தது. நர்சுக்கு ஜலதோஷமாம். வந்த அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டான். தொண்டை கட்டினவன் போல முணுமுணுப்பாகத்தான் பேசுவான்.

"மீசை வச்ச நர்சம்மாவ இப்பத்தான் பாக்கறேன்," என்றார் சுப்பராயலு. "பாக்கறேன்னா சொன்னேன்? அதுக்குக் கட்டு அவுக்கணுமே."

"சும்மா கெடய்யா. காலையில உன் சட்டிய எடுத்துக் கொட்னது யாரு, உங்கப்பனா?" என்றாள் காத்தாயி.

"அதில்லடி. ஜலதோஷம்னாரு. வந்ததுலேர்ந்து ஒரு தும்மல் கூடக் காணோமே."

நர்ஸ் பஞ்சை உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவனுக்குப் பழகிப்போனது. வேலூரில் படிக்கும்போது கூடப் படித்த பெண்கள் சிரித்தார்கள். பெண் கேட்டுப் போன வீட்டில் காபி வருவதற்கு முன்பே பேச்சு முடிந்துபோனது. எல்லாவற்றையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டான். ஒரே ஒரு பேச்சுதான் உள்ளேயே தங்கிவிட்டது.

"பட்டு நெய்யற கையால மூத்திரச் சட்டி தூக்குவியா? போ. இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

சொன்னவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார்.

முகாமுக்கு அனுப்பியபோது நர்ஸ் சத்தியராஜுக்கு அது தெரியாது. வந்து பார்த்தபோது அப்பா கட்டோடு படுத்திருந்தார். "இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கியமா அழக் கூடாது. தையல் விட்டா கண்ணு போச்சு," என்று டாக்டர் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போனார். அப்போதுதான் சத்தியராஜ் துணியை எடுத்து வாயைக் கட்டினான்.

அவன்தான் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினான், உடம்பு துடைத்தான், மருந்து விட்டுக் கட்டுப் போட்டான். நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைத் திருகி உள்ளே தள்ளி, காதுக்கு மேலே ஒரு முடிச்சு. சின்ன வயசில் தறியடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்த விரல்கள்; யோசிக்காமலே வேலை செய்தன. முதல் நாள் சிங்கராயர் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அவுந்துடாதே?"

"அவுராதுங்க."

அதோடு சரி.

அம்மா வருவாள் என்று தினமும் வாசலைப் பார்த்தான். "வீட்லேர்ந்து யாரும் வரலீங்களா?" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக் காலையில் கட்டை ஒரேயடியாக எடுத்துவிடுவார்கள். அதற்குள் முதல் பஸ்ஸுக்குப் போய்விடவேண்டும். போவதற்குள் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

"தம்பி," என்றார் சிங்கராயர். "தலகாணிக்குக் கீழ ஒரு இன்லண்டு லெட்டர் இருக்குது. நான் சொல்றத எழுது. என் புள்ளைக்கு."

சத்தியராஜ் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டான். பேர் சொன்னார். தன் பேரைத் தானே எழுதினான். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தான்.

"அதெல்லாம் வேணாம். நேரா எழுது. உங்கம்மா அமலோற்பவம் தவசு காலத்துல, பெரிய வெள்ளிக்கு முன்ன, செத்துப் போயிட்டா."

பேனா நின்றது.

"இன்னா தம்பி, சத்தம் காணோம்?"

"மை... மை வரலீங்க."

"உதறிட்டு எழுது. உனக்குத் தந்தி குடுக்கச் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிகினு இருந்தா."

வாய்த்துணி நனைந்து உதட்டோடு ஒட்டிக்கொண்டது. சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டான். வார்டில் எத்தனையோ சாவுக்குப் பக்கத்தில் நின்று பழகிய பழக்கம் அது.

"நீங்க அழக் கூடாதுங்க," என்றான்.

"நான் அழல. நீ எழுது. அவளுக்குப் படுக்கையிலேயே எல்லாம் போச்சு. யாரும் கிட்ட வரல. இந்தக் கையாலதான் அள்ளிப் போட்டேன், தொடச்சி உட்டேன். நீ செய்யறது இன்னா வேலைன்னு அப்பதான்டா தெரிஞ்சுது. அவ்ளோதான். ஒட்டிடு."

சத்தியராஜ் மூக்கை உறிஞ்சினான்.

"பாத்தியா," என்றார் சுப்பராயலு. "இப்பத்தான் நெஜமாவே ஜலதோஷம் புடிச்சிருக்குது."

காத்தாயி அவர் வாயைப் பொத்தினாள்.

கடுதாசியை மடித்தான். பசையை ஈரப்படுத்த நாக்கில் எச்சில் இல்லை. கஞ்சிக் கிண்ணத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கித் தடவி ஒட்டினான்.

"அட்ரஸ் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில போட்டுடறேன்."

சிங்கராயரின் கை மெதுவாக மேலே போயிற்று. காதுக்கு மேலிருந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்:

"பெட்டி எதுக்குடா சத்தியா, உன் ஜோபியிலயே போட்டுக்க."