மூன்றாவது கட்டிப்பிடிப்பு

போத்தனூர் தாண்டிய ரேஸ் டிராக்கில் வெயில் சாய்கிறது. இரண்டாவதாக வந்த மில்லுக்காரர் கதிர்வேல், முதலில் வந்த இல்யாஸை மூன்றாம் தடவையாகக் கட்டிப்பிடிக்கிறார். முதல் இரண்டு தடவையும் வீடியோவில் கதிர்வேலின் முகம் சரியாக விழவில்லை. “போட்டி டிராக்கோட போச்சுங்க, இல்யாஸு நம்ம தம்பிங்க” என்று, வீடியோ எடுக்கும் தன் ஆளின் செல்போனைப் பார்த்துத் தழுதழுக்கிறார். பின்னால் போட்டி அதிகாரிகள் இல்யாஸின் வண்டி எஞ்சினை அக்கக்காகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதில் தில்லுமுல்லு இருக்கிறதென்று புகார் கொடுத்த புண்ணியவானும் இவர்தான். கோப்பை கைமாறுமா என்று ஒரு கண் அங்கேயே கிடக்கிறது. எண்ணெய்க் கையோடு அதிகாரி வருகிறார். “இல்யாஸ் வண்டி சுத்தமுங்க. புகார் குடுத்தவரு வண்டியையும் தொறந்து பாக்கோணும், அதுதானுங்க இங்க வழக்கம்.” இல்யாஸின் தோளிலிருந்து கதிர்வேலின் கை வழுக்கி இறங்குகிறது. வீடியோவை நிறுத்தச் சொல்லிக் கண் காட்டுகிறார். இல்யாஸ் அவரை இழுத்து அணைத்துக்கொள்கிறார். “ஏனுங்கண்ணா நிறுத்தறீங்க? இப்பத்தான் உங்க மூஞ்சி நல்லா விழுகுதுங்க.”