மேலே ஏறுகிறவள்

மார்லா குனிந்து டான்சியின் ஷூ கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டிவிட்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "பயப்படாம உள்ள போ கண்ணு. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்றாள்.

பெற்றவள் அல்ல. ஆளை ஆள் தூக்கி வீசிப் பிடித்து வித்தை காட்டுகிற சியர்லீடிங் அணியில் தன் மகள் ரீஸோடு சேர்ந்து ஆடுகிற, இன்னொருத்தி பெற்ற பெண்ணை, லப்பக் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். டான்சியின் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட், லீவு கிடைக்காது. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பியதோடு சரி.

வெர்னாவுக்கு இது அதிசயமாக இருந்தது. பதினோரு வருடமாக ஹிப்னாடிசம் செய்கிறாள். போட்டி சீசன் வந்தால் போதும், அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், ரிப்பேருக்கு வண்டியை விடுகிற மாதிரி. பல்டி வரவில்லை, பயம் போகவில்லை, சீக்கிரம் சரி பண்ணுங்கள் என்பார்கள். போன வாரம் ஒருத்தி, தன் பத்து வயதுப் பெண்ணுக்குப் பசியே தோன்றாமல் செய்ய முடியுமா என்று கேட்டாள். அவளை அனுப்பிவிட்டு வெர்னா பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாள். இந்தப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு வருகிற ஹேர்ஸ்ப்ரே வாடை அடித்தாலே இப்போதெல்லாம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

டான்சிக்குப் பன்னிரண்டு வயது. மூன்று பெண்கள் கீழே நின்று தூக்க, அவர்களுடைய உள்ளங்கைகளின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து அந்தரத்தில் சுழன்று அவர்கள் கையிலேயே வந்து விழ வேண்டியவள். ஒரு மாதமாக, ஏறுவதற்குக் காலைத் தூக்கியதுமே உறைந்துபோய் நின்றுவிடுகிறாள். டாலஸ் நகரில் நடக்கிற போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் அந்த இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிடுவதாகக் கோச் சொல்லிவிட்டார்.

அந்த வேறு பெண் யார் என்று வெர்னா கேட்டாள்.

"எங்க ரீஸ்தான்" என்றாள் மார்லா. "இருந்தா என்ன? இந்தப் பொண்ணு அஞ்சு வருஷமா உழைச்சிருக்கா. இவதான் ஏறணும்."

வெர்னாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. எல்லா அம்மாக்களையும் ஒட்டுமொத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபடி உள்ளே போனாள்.

சாய்வு நாற்காலியில் டான்சி சீக்கிரமே அடங்கினாள். மூச்சு சீரானது. ஜிம்முக்குள் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னதும் நீல மெத்தை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அம்மாக்கள் உட்கார்ந்து பார்க்கிற அறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உயரம் பயமாக இருக்கிறதா என்றதற்கு இல்லையென்று தலையசைத்தாள். மேலே நிற்பது அவளுக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

"அப்ப எதைக் கண்டு பயம்?"

"டெலேனி கை."

கீழே நின்று தூக்குகிற மூவரில் டெலேனி பின்னால் நிற்கிறவள். மேலே இருந்து வருகிறவளின் தலையையும் தோளையும் தாங்க வேண்டியது அவள் பொறுப்பு. அவளுடைய மணிக்கட்டு வீங்கிப்போயிருக்கிறது, முழுக்கைச் சட்டைக்குள் டேப் சுற்றி மறைத்துக்கொண்டு ஆடுகிறாள். பிடிக்கிற நேரத்தில் கை விட்டுவிடுகிறது. இரண்டு தடவை டான்சி கழுத்து மடங்க மெத்தையில் விழுந்தாள், இரண்டு தடவையும் கோச் வேறு பக்கம் திரும்பியிருந்தார். யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் அணியில் ஒருத்தியும் முகம்கொடுத்துப் பேச மாட்டாள் என்றாள்.

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. இது மனத்தடையே இல்லை. அந்த ஜிம்மில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே சாமான் இந்தப் பெண்ணின் பயம்தான். அதைப் பிடுங்கிப் போடச் சொல்லித்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

டான்சியை மெதுவாக எழுப்பி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மார்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் கேட்டுக்கொள்ள இந்த ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நிம்மதியாக இருந்தது.

"தெரியும்" என்றாள் மார்லா.

"என்ன தெரியும்?"

"அந்தக் கை. கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், ரெண்டு தடவையும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கோச்சுக்குப் போன் கீன் பண்ணிடாதீங்க மேடம். டெலேனியை எடுத்துட்டா பின்னால நிக்க ஆளில்ல, டீமே போட்டிக்குப் போகாது. ஜெயிச்சா சாம்பியன்னு எழுதின வெள்ளை ஜாக்கெட் குடுப்பாங்க. எங்க ரீஸ் வருஷம் பூரா அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா. நீங்க இந்தப் பொண்ணோட பயத்தை மட்டும் எடுத்துவிடுங்க, போதும்."

வெர்னா மேஜையிலிருந்த போனை எடுத்து, சம்மதத் தாளில் இருந்த கோச்சின் எண்ணை அழுத்தினாள். எதிரில் நிற்கிறவளின் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்களுக்கும் இதே வயசுல ஒரு பொண்ணு இருக்கே. எப்படிம்மா மனசு வந்தது?"

ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல மார்லா அவளைப் பார்த்தாள்.

"இவ ஏறலைன்னா அவளைத்தானே ஏத்துவாங்க?"